ஒரு கட்டு விறகும் ஒரு வண்டி விறகும்

புகழனைத்தும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹுத் தஆலாவுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உடுமலையிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூர் செல்லும் சாலையோரப் பள்ளி அது. வாசலில் ஒரு ‘குட்டி யானை’ வந்து நின்றது. 2005ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் கொண்டுவந்த ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டிக்கு நம் மக்கள் வைத்த செல்லப் பெயர்தான் குட்டி யானை. வண்டி நிறைய விறகு. இரண்டு நாளாகப் பெய்த மழையில் ஊறிய விறகு. வண்டியின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

வண்டியை ஓட்டி வந்தவர் நம் மஹல்லாவின் இளைஞர். ஸலாம் கூறி அருகில் வந்து அமர்ந்தார்.

“அஜரத்து, ஒரு மஸ்அலா கேக்கோணுங்க. தோட்டத்துக்காரங்ககிட்ட வெறகை வாங்கி, திருப்பூர்ல சாயப் பட்டறைக்கு நான்தானுங்க விக்கிறேன். அங்க எடை போட்டுத்தான் காசு. இன்னிக்கு வெறகு நல்லா நனைஞ்சு போச்சுங்க. நானொண்ணும் தண்ணி ஊத்தலீங்க, அல்லா பேய வெச்ச மழைதானுங்க. இதை அப்படியே எடை போட்டா அந்தக் காசு ஹலாலுங்களா?”

அந்த நேரத்தில் அவருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி அனுப்பினோம். ஆனால் அந்தக் கேள்வி நம்முடன் வீடு வரை வந்தது. நம் இல்லங்களில் எத்தனையோ பேர் எதையேனும் எடை போட்டு விற்கிறார்கள், வாங்குகிறார்கள், சுமந்து செல்கிறார்கள். ஆகவே அந்தப் பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விறகுக்குக் கிடைத்த கண்ணியம்

விறகு சுமப்பதை இழிவான தொழிலென்று நினைப்போர் நம்மில் உண்டு. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், “பையன் வெறகு வண்டி ஓட்டுறானாம்” என்று முகம் சுளிக்கிறார்கள். இவர்கள் ஹதீஸ் கிதாபுகளைச் சற்றுத் திறந்து பார்க்கட்டும்!

ஒருவன் கயிற்றை எடுத்துச் சென்று, ஒரு கட்டு விறகைத் தன் முதுகில் சுமந்து வந்து விற்றுப் பிழைப்பது, மனிதர்களிடம் கையேந்துவதைவிட அவனுக்கு மேலானது என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. எத்தனையோ தொழில்கள் இருக்க, உழைப்பின் கண்ணியத்துக்கு உதாரணமாக விறகுக் கட்டையல்லவா எடுத்துக் காட்டினார்கள்!

அபூதாவூதில் மற்றொரு சம்பவம் பதிவாகியுள்ளது. அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு கிண்ணமும்தான் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, தாமே ஏலம் கூறினார்கள். ஒரு திர்ஹமுக்குக் கேட்ட பொருள் இரண்டு திர்ஹமுக்குப் போயிற்று. ஒரு திர்ஹமுக்குக் குடும்பத்துக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். அந்தக் கோடரிக்குத் தம் முபாரக்கான கரத்தாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் பட வேண்டாமென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்து திர்ஹம் சேர்ந்திருந்தது.

அன்பர்களே! கோடரிக்குக் காம்பு பூட்டிய கரம் எந்தக் கரம் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதன் பிறகும் விறகுத் தொழிலை இழிவென்று சொல்ல நமக்கு நாவு வருமா?

முதுகிலிருந்து வண்டிக்கு

நம் கொங்கு நாட்டில் விறகின் கதை பழையது. ஒரு காலத்தில் காங்கயம் காளைகள் பூட்டிய வண்டிகளில் விறகு ஊருக்குள் வந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் விறகின் தேவை நின்றபாடில்லை. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் பாய்லர்கள் விறகைக் கேட்கின்றன. நிக்காஹ் வீட்டுத் தேக்சாக்களும், ரமலானில் பள்ளிவாசலின் கஞ்சி அடுப்பும் கேட்கின்றன. வேலிக்கால் சீமைக் கருவேலமும், தோப்புகளில் வாடல் நோய் கண்டு வெட்டிய தென்னையும், காய்ந்த வேம்பும் வேலாமரமும் சின்ன வண்டிகளில் ஏறிப் புறப்படுகின்றன.

ஒரு கட்டு விறகை முதுகில் சுமந்தவருக்கு அவருடைய முதுகே தராசு. தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் முதுகே சொல்லிவிடும். அக்கட்டு நனைந்திருந்தால் அதன் கனத்தை முதலில் அனுபவிப்பவரும் அவரேதான். வண்டிக்கு முதுகு வலிப்பதில்லை. ஆகவே அங்கே தராசாக நிற்க வேண்டியது ஓட்டுபவருடைய ஈமான். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

நனைந்த தானியமும் நனைந்த விறகும்

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். மழையில் நனைந்தது நம் குற்றமா? இதே பதிலை மதீனாவின் கடைவீதியில் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலின் பக்கமாகச் சென்றார்கள். உள்ளே கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அவர் பொய் சொல்லவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. ஆயினும் நபியவர்கள் அந்தச் சமாதானத்தோடு விட்டுவிடவில்லை. மக்கள் பார்க்கும்படியாக ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

கவனியுங்கள்! நனைந்தது குற்றமாகவில்லை, நனைந்ததை மறைத்ததுதான் குற்றமாயிற்று. மழை அல்லாஹ்வின் செயல். மறைப்பது நம் செயல். விசாரணை நம் செயலுக்குத்தான்.

இதில் எவ்வளவு நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். புதிதாக வெட்டிய பச்சை மரத்தில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீரே. அப்படிப்பட்ட 1,000 கிலோ விறகில் 500 கிலோதான் மரம். அது நன்றாக உலர்ந்து, ஐந்தில் ஒரு பங்கு ஈரம் மட்டும் மிஞ்சும்போது 625 கிலோவாகிவிடும். காய்ந்த விறகென்று சொல்லி இதை விற்றால், 375 கிலோ தண்ணீருக்கு விறகின் விலை வாங்கியதாகிறது. வாங்கியவருடைய நஷ்டம் அத்தோடும் நிற்பதில்லை. ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்கவே சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஆக, அவர் விறகின் விலைக்குத் தண்ணீரை வாங்கி, அதை விரட்டுவதற்கு விறகையும் எரிக்கிறார். காய்ந்த விறகு மழையில் நனைந்தால் இவ்வளவு ஏறாதுதான். ஆனால் ஹராமில் கிலோக் கணக்கு ஏது? அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடுண்டு என்று தொடங்கும் ஓர் அத்தியாயமே குர்ஆன் ஷரீஃபில் இருக்கிறதே!

அப்படியானால் நனைந்த விறகை விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். “இது மழையில் நனைந்தது, இது பச்சை” என்று சொல்லி, அதற்கேற்ற விலை பேசி விற்கலாம். வாங்குபவர் அறிந்து சம்மதித்தால் அந்தக் காசு தூய ஹலால். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் கூறினால் அந்த பரக்கத் துடைக்கப்பட்டுவிடும் என்பதும் ஹதீஸின் கருத்தேயாகும்.

வேண்டுமென்றே எடை மேடைக்குப் போகுமுன் தண்ணீர் தெளிப்பதும், அடியில் மண்ணும் கல்லும் ஒட்டிய வேர்க்கட்டையை மறைத்து மேலே நல்ல விறகை அடுக்குவதும் உண்டென்று கேள்விப்படுகிறோம். அதற்கு மஸ்அலா கேட்க வேண்டியதே இல்லை. “நான் வெறும் வாடகைக்கு ஓட்டுபவன், சரக்கு என்னுடையதல்ல” என்பாரும், தெரிந்தே அதற்குத் துணை போனால் பாவத்தில் பங்குண்டு. பாவத்துக்கு ஒத்தாசை செய்யலாகாது என்பது இறைக் கட்டளை.

யாருடைய மரம்?

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, இந்த விறகு எங்கிருந்து வந்தது என்பது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்னும் ஹதீஸை வைத்துக்கொண்டு, “காட்டு மரம் அல்லாஹ்வின் மரம்தானே” என்று சிலர் வாதிடுவார்கள். உரிமையாளர் இல்லாத, தடையில்லாத பொதுவெளியில் விறகு பொறுக்கியவர் அதற்கு உரிமையாளராகிறார் என்பது ஃபிக்ஹுச் சட்டம்தான். ஆனால் பிறருடைய தோட்டத்து வேலியில் அவர் சம்மதமின்றி வெட்டியது அபகரிப்பே.

காப்புக்காடும் அப்படித்தான். ஆனைமலையும் சத்தியமங்கலமும் முறையே 2007, 2013ஆம் ஆண்டுகளில் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்ட காடுகள். அவை பொதுமக்கள் அனைவருக்கும் உரிய அமானிதம். இரவோடிரவாக அங்கே வெட்டி ஏற்றி வந்தால், அத்தனை பேருடைய ஹக்கும் அந்த வண்டியில் ஏறிக்கொள்கிறது. மதீனாவின் ஹரம் எல்லையில் மரம் வெட்டியவனுடைய பொருள்களை ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் பறிமுதல் செய்து, கேட்டு வந்தோரிடம் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அந்த ஹரமின் கண்ணியம் அதற்கே உரியது. ஆயினும், எல்லை வகுத்துக் காக்கப்படும் மரங்கள் உண்டு என்னும் பாடம் நமக்கும் உரியதே.

விறகு சுமந்த இருவர்

மூன்றாவது, பாதையின் உரிமை. முக்கால் டன் ஏற்ற வேண்டிய சிறு வண்டியில் அதற்கு மேலும் ஏற்றி, பக்கவாட்டில் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்க, உச்சியில் இரண்டு ஆட்களையும் உட்காரவைத்துக்கொண்டு போகும் காட்சியை நாம் காணாத நாளில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் குழந்தையை முன்னே வைத்திருப்பார். இருட்டில் நீட்டிய கொம்பு கண்ணுக்குத் தெரியாது. வழியெல்லாம் சீமைக் கருவேல முள் சிந்திக்கொண்டே போகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று வைத்தது. அபராதத்துக்கு அஞ்சுபவர் சோதனைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். அல்லாஹ்வின் சாவடியைச் சுற்றிப் போக வழி ஏது? தன்னைப் பட்டினி போட்டு, ஓயாமல் வேலை வாங்கிய உரிமையாளரைப் பற்றி ஓர் ஒட்டகம் நாயகத்திடம் முறையிட்டது. வாயற்ற பிராணியின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று அவர்கள் அந்த உரிமையாளரைக் கண்டித்தார்கள். ஒட்டகத்துக்கே இப்படியென்றால், விறகின் மேல் உயிரைக் கையில் பிடித்து அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு?

நாம் இங்கே ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டும். விறகு சுமந்த ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் உயர்த்திப் பேசினார்கள். விறகு சுமந்த மற்றொருத்தியைக் குர்ஆன் ஷரீஃப் சபித்துப் பேசுகிறது. அவள்தான் அபூலஹபின் மனைவி. முட்களைச் சுமந்து வந்து நாயகத்தின் பாதையில் போட்டவள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகிறார்கள். கோள் சொல்லித் திரிந்தவள் என்ற விளக்கமும் உண்டு. அவர் சுமந்ததும் விறகு. இவள் சுமந்ததும் விறகு. அவர் தம் மக்களின் பசியாற்றச் சுமந்தார். இவளோ பிறர் பாதையில் முள்ளாகப் போடச் சுமந்தாள். பாதையில் கிடந்த ஒரு முள் கிளையை அகற்றிய ஒரு மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பு வழங்கினான் என்றும் ஹதீஸ் இருக்கிறது. நம் வண்டி எந்த வரிசையில் போகிறது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, நீட்டலை வெட்டி அடுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் இபாதத்தே!

வாங்குவோருக்கும் ஒரு சொல்

குற்றமெல்லாம் ஓட்டுபவர் தலையில் என்று கருதிவிடலாகாது. காய்ந்த விறகு கொண்டுபோனாலும், “ஈரக் கழிவு” என்று தன் இஷ்டத்துக்கு எடையைக் குறைத்துக்கொள்ளும் முதலாளியும் அளவையில் மோசம் செய்தவரே. வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவரைத்தானே அந்த அத்தியாயம் கண்டிக்கிறது! இறக்கி முடித்தவனை “நாளை வா, அடுத்த வாரம் வா” என்று அலைய விடுவதும் கொடுமையே. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நாயகத்தின் போதனை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவதாக ஹதீஸ் குத்ஸி கூறுகிறது. விலை நிறுத்துக் கொடுக்கும்போது தட்டு சற்றுத் தாழும்படி நிறுக்குமாறு நிறுப்பவரிடம் சொன்னவர்கள் நம் நாயகம் அல்லவா!

இவ்வளவும் எழுதிய பின் நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். நம் பள்ளியில் ஆண்டுதோறும் ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்ச விறகு வாங்குகிறோம். “பள்ளிவாசலுக்குத்தானே, கொஞ்சம் குறைத்துக்கொள்” என்று பேரம் பேசியிருக்கிறோம். அது யாருடைய மரம் என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா? இல்லை! அரிசியில் கல் பொறுக்கத் தெரிந்த நாம், அடுப்பில் எரிந்ததை விசாரிக்கவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக! இனி ரஜபு மாதத்திலேயே காய்ந்த விறகாக, கேட்டு விசாரித்து, உரிய விலை கொடுத்து வாங்குவதென்று ஜமாஅத்தில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

இல்லத்தரசிகளுக்கும் இதில் பங்குண்டு. முன்னோர் காலத்துப் பெண்மணிகள், சம்பாதிக்கப் புறப்படும் கணவரிடம், “ஹராமைக் கொண்டுவந்துவிடாதீர்கள், பசியைப் பொறுப்போம், நரக நெருப்பைப் பொறுக்க மாட்டோம்” என்னும் பொருளில் சொல்லி அனுப்புவார்களாம். இன்று நம் வீட்டு வாசலில் என்ன சொல்லி அனுப்புகிறோம்? “இந்த மாசத் தவணை கட்டணும், மறந்துடாதீங்க” என்பதோடு இதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன?

போனதற்கு என்ன வழி?

அந்த இளைஞர் எழுந்து போகுமுன் தயங்கி நின்று இன்னொன்றும் கேட்டார். “இதுக்கு முந்தி நனைஞ்ச வெறகைச் சொல்லாம எடை போட்டிருக்கேனுங்க. அதுக்கு என்னங்க பண்றது?”

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் அடியானின் ஹக்கு இஸ்திக்ஃபாரால் மட்டும் தீர்வதில்லை. உரியவரிடம் சேர வேண்டும். வாங்கியவர் யாரென்று தெரிந்தால், மனச்சாட்சிக்குப் பட்ட அளவைக் கணக்கிட்டு அவரிடம் பணமாகக் கொடுக்கலாம். அல்லது அடுத்தடுத்த நடைகளில் அந்த அளவு விறகைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்துத் தீர்க்கலாம். ஆள் யாரென்றே தெரியாமல் போனால், அவர் பேரில் ஏழைகளுக்கு ஸதகா செய்துவிட வேண்டும்.

அவர் அன்றே போனில் பட்டறைக்காரரிடம், “வெறகு நனைஞ்சிருக்குதுங்க” என்று சொல்லிவிட்டார். அவர்கள் எடையில் கழித்துக்கொண்டுதான் காசு கொடுத்தார்கள். டீசலும் ஏற்றுகூலியும் போக அன்று மிஞ்சியது சொற்பமே. மறுநாளே செல்வம் வந்து கொட்டியது என்று நாம் கதை சொல்லப் போவதில்லை. அந்த மாதத் தவணைக்கு அவர் சிரமப்பட்டதும் நமக்குத் தெரியும். ஆனால் அடுத்த வாரம் வந்தபோது வண்டியில் புதுத் தார்ப்பாய் ஒன்று கிடந்தது. “இனி நனையாதுங்க அஜரத்து” என்று சொல்லி ஒளு செய்யப் போனார். அந்த முகத்தில் நாம் கண்ட நிம்மதியை எந்த எடை மேடையில் நிறுத்துவது!

யா அல்லாஹ்! உழைத்துண்ணும் எங்கள் மக்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், அது போதும் என்ற மனத்தையும் தருவாயாக! எங்கள் தராசுகளையும் நாவுகளையும் நேராக்குவாயாக! எங்கள் சுமை பிறர் பாதையில் முள்ளாகாமல் காப்பாயாக! எங்கள் அடுப்பில் எரிவதும் எங்கள் வயிற்றில் சேர்வதும் உன் பொருத்தத்துக்கு உரியவையாக ஆக்குவாயாக! மறுமையின் மீஸானில் எங்கள் நன்மைத் தட்டைக் கனமாக்கி வைப்பாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!